ஆரத்தித் தண்ணீர்

திங்கள், 09.10

நிலவுச் சுரங்கம், காற்றுச் சுத்திகரிப்பு அறை. அழுத்தம் சரி. காரத் தொட்டி சரி. நாங்கள் வெளிவிடும் கரியமில வாயுவைப் பிடிக்கும் காரநீர் அது. பழசானதும் கழிவுக் கலத்துக்குப் போக வேண்டும்.

வாரம் ஒருமுறை கீழ்த்தளத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வானொலியில் வீட்டுச் சோதனை சொல்லித்தருகிறேன். யாரும் சொல்லாமல் நானே எடுத்துக்கொண்ட வேலை. இன்று மஞ்சள் தாள். மஞ்சள் கரைத்த நீரில் தாளை நனைத்துக் காயவைக்க வேண்டும். எலுமிச்சை உப்பு பட்டால் மாறாது. சோப்பு பட்டால் சிவக்கும். வெறும் தண்ணீரில் மாறக் கூடாது.

துளைப்பான் ஓட்டும் பவுனின் மகள் முத்தழகி, எலுமிச்சை உப்பைத் தொட்டுவிட்டுக் கத்தினாள்: “அக்கா, மஞ்சளாவே இருக்கு!”

“சபாஷ்டி.”

அடுத்து தண்ணீர். “அய்யோ, வெறுந்தண்ணியே ஆரத்தி ஆயிடுச்சுக்கா!”

சிரித்தேன். “சோப்பு டம்ளர்டி. கழுவிட்டு ஊத்து.”

செவ்வாய், 11.40

கழுவியதும் அதே தண்ணீரில்தானே. கீழ்த்தளத்தில் எல்லா வீட்டிலும் தாள் சிவக்கிறது. மேல்தளத்தில், என் குழாயில், மஞ்சளாகவே இருக்கிறது. மேலாளர் சந்தானத்திடம் சொன்னேன். பதில்:

“அதுங்க வெத்தல போடுற சனம்மா. சுண்ணாம்புக் கை பட்டிருக்கும். பசங்க விளையாட்டையெல்லாம் ரிப்போர்ட் ஆக்காதே.”

நிலவில் எந்தக் கொடியில் வெற்றிலை முளைத்தது? சரக்குக் கப்பலில் வரும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கையெழுத்துப் போடுபவர் அவர். இங்கே ஒரு வெற்றிலைகூட இறங்கியதில்லை.

கழிவுக் கலத்தைத் தட்டிப் பார்த்தேன். காலிக் குடம்போல் ஒலித்தது. கழிவை அப்புறப்படுத்தச் செலவாகும். கீழ்த்தளம் குடித்துவிட்டால் செலவே இல்லை.

புதன், 13.05

வானொலியில் பவுன்:

“புள்ள வாயெல்லாம் வெந்து கெடக்குது தங்கச்சி. பேச்சே வரல. ஆரத்தித் தண்ணிய வாசல்ல கொட்டுவாங்க. எங்கள குடிக்கச் சொல்றானுங்களே!”

யாரும் குடிக்காதீர்கள் என்று அறிவித்தேன். பாதியில் வானொலியை வெட்டிவிட்டார்கள். காவலர்கள் கீழ்த்தளச் சமையலறைகளில் புகுந்து மஞ்சள்தூளை அள்ளிப் போனார்கள். காரணம், தீ அபாயமாம். மிளகாய்த்தூளைத் தொடவில்லை.

என் அறை வெளியிலிருந்து பூட்டப்பட்டிருக்கிறது.

வியாழன், 10.20

ஒலிபெருக்கியில் சந்தானம்:

“தண்ணி சுத்தம். பிள்ளைங்களே சோதிச்சாச்சு. கேளுங்க.”

“அக்கா, மஞ்சளாவே இருக்கு!”

முத்தழகி. நேற்று பேச்சே வராத வாய். ஒரு சிட்டிகை மஞ்சள்கூட இல்லாத தளம். கடைசியில் வெட்ட மறந்த ஒரு துண்டு: “சபா...”

என் குரல். திங்கட்கிழமைப் பதிவு.

இன்று அவளைப் பேசவைக்க முடிந்திருந்தால் பழைய குரல் எதற்கு?

வியாழன், 10.50

குழாய் இருமுகிறது. என் இணைப்பைக் கீழ்த்தளக் குழாய்க்கு மாற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன். என்னிடமும் மஞ்சள் இல்லை. சட்டையில் முந்தாநாள் சாம்பார்க் கறை இருக்கிறது. அதுவும் மஞ்சள்தான்.

இதை எடுப்பவரே, நீங்கள் எந்தத் தளமானாலும் குடிக்கும் முன் சோதியுங்கள். கீழ்த்தளத்துக்குப் போங்கள். முத்தழகி எங்கே என்று கேளுங்கள்.

தண்ணீர் வந்துவிட்டது. கறையை நனைக்கிறேன்.

சிவக்கி