மூன்று மடிப்புக்கு எத்தனை?

மார்ச் 4

அன்பு மகள் டீச்சருக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம். அம்மாவும் நலம்; "அவளுக்கு எழுதுறப்பவாவது கோழி கிறுக்கின மாதிரி எழுதாதீங்க" என்று தலைக்கு மேல் நிற்கிறாள். அதனால் கையெழுத்து இன்னும் மோசமாகிறது.

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த வியாழக்கிழமை நீ மடக்கை, அதாவது லாகரிதம், நடத்துவதைத் தலைமையாசிரியரும் இன்னும் மூன்று பேரும் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். தேறினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் பெட்டியோடு வீட்டுக்கு. புரிந்தது. "உங்களுக்குப் புரிஞ்சா வகுப்புல எல்லாருக்கும் புரியும்ப்பா" என்று எழுதியிருக்கிறாயே, மக்கு என்று இத்தனை மரியாதையாக என்னை யாரும் சொன்னதில்லை.

நீ அனுப்பிய பாடத்தை பைண்டிங் அறைக்கே எடுத்துப் போனேன். தாளை ஒரு தடவை மடித்தால் இரண்டு, மறுபடி மடித்தால் நான்கு, மூன்றாவதற்கு எட்டு. இதையே திருப்பிக் கேட்டால் மடக்கை: எட்டு வர எத்தனை மடிப்பு? மூன்று. அடடா, இருபத்தாறு வருஷமாக இந்த வேலையைத்தானே பார்க்கிறேன்! பள்ளிக்கூடத்தில் அன்றைக்கே இப்படிச் சொல்லியிருந்தால் கணக்கில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கியிருக்க மாட்டேன். பதினைந்தாவது வாங்கியிருப்பேன்.

ஆனால் உன் பாடம் தப்பு. மூன்று மடித்தால் எட்டு இல்லை, பதினாறு. எந்த பைண்டரை வேண்டுமானாலும் கேள்: மூன்று மடிப்பு, புத்தகத்தில் தைக்கப் பதினாறு பக்க ஃபாரம். பக்க எண்ணே அச்சாகி வருகிறது. இரண்டு மடிப்புக்கு எட்டு. மடக்கை பெருக்கலைக் கூட்டலாக்கும் என்கிறாய். சரி, பதினாறை எட்டால் பெருக்கினால் நூற்றிருபத்தெட்டு. மடிப்பைக் கூட்டினால் மூன்றும் இரண்டும் ஐந்து. ஐந்து மடித்துப் பார்த்தேன், அறுபத்து நான்குதான் வந்தது. எங்கள் பைண்டிங் மேஸ்திரியும் எண்ணிப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு உடனே எழுதுய்யா" என்றார். எழுதிவிட்டேன். சீக்கிரம் சரி செய்.

உன் அப்பா,
கணக்கில் பதினொன்று.

மார்ச் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். பாடமே போச்சு என்று நினைத்தேன். அப்புறம் ஒரு தாளை மடிக்காமல் மேசைமேல் வைத்தேன். இது எத்தனை? நீங்கள் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு சொல்வீர்கள். நான் ஒன்று என்பேன். மடிப்பே இல்லாததற்கு ஒன்று என்று தொடங்கினால்தான் கூட்டல் பொருந்தும்.

நீங்கள் பக்கத்தை எண்ணுகிறீர்கள். நான் அடுக்கை எண்ணுகிறேன். மூன்று மடிப்புக்கு எட்டு அடுக்கு, இரண்டு மடிப்புக்கு நான்கு. எட்டு நான்கு முப்பத்திரண்டு. இப்போது உங்கள் ஐந்து மடிப்பில் அடுக்கை எண்ணுங்கள்.

கால்குலேட்டர் இல்லாத காலத்தில் பெரிய பெரிய எண்களை இப்படித்தான் பெருக்கினார்களாம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மடிப்பு என்று பட்டியலில் பார்த்து, கூட்டி, கூட்டியதற்கு என்ன எண் என்று மறுபடி பட்டியலில் பார்ப்பது. அவ்வளவுதான் வித்தை.

வியாழக்கிழமைக்காக இப்போதே தாளை எண்ணி அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகள்

மார்ச் 14

அப்பா,

வேலை நிரந்தரம்!

எல்லார் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தேன். மடிக்காத தாளிலிருந்துதான் தொடங்கினேன், உங்கள் புண்ணியத்தில். ஒருத்தி எழுந்து, "பன்னிரண்டு அடுக்கு வர எத்தனை மடிப்பு மிஸ்?" என்றாள். "மூணரைக்குக் கொஞ்சம் மேல. தாள் ஒத்துக்காது, எண் ஒத்துக்கும்" என்றேன். பின்னால் ஒரே சிரிப்பு. பார்த்தால், தலைமையாசிரியரும் மடித்துக்கொண்டிருக்கிறார். ஏழாவது மடிப்பில் மாட்டிக்கொண்டு முழங்கையால் அழுத்துகிறார்!

ஒரு விஷயம். கோடை லீவிலும் வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார்கள்; இனி வருஷக் கடைசியில்தான் வீட்டுக்கு வர முடியும். அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 18

அன்பு மகளுக்கு,

அம்மாவிடம் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். அதற்குள் அவளே கடிதத்தைப் பிடுங்கிப் படித்து, அழுது, சிரித்து, மாடிவீட்டுக்கும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். யாராவது மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டியது எனக்குத்தான் போலிருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உன் பாடத்தில் தப்பைக் கண்டுபிடித்தேன் என்று நினைத்த அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். டீச்சரையே ஜெயித்த சந்தோஷம் பாதிதான். பாடம் தப்பென்றால் பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று மனசின் மூலையில் ஓடியது மீதிப் பாதி. உன் அறைக்குப் புது பல்புகூட மாட்டிவிட்டேன். ஆனாலும் கடிதத்தை அன்றே தபாலில் போட்டேனே, அதற்கு ஒரு மார்க் போடு. பன்னிரண்டாகட்டும்.

நீ வருஷக் கடைசியில் வா. நாங்கள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையே வருகிறோம். மேஸ்திரி லீவு கொடுத்துவிட்டார், டிக்கெட்டும் எடுத்தாயிற்று. நீ பாடம் நடத்துவதை அம்மா பார்த்தே ஆக வேண்டுமாம். கடைசி பெஞ்சில் இரண்டு பேர் உட்காரலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டு வை. இது யாரென்று பிள்ளைகள் கேட்டால் அப்பா என்று சொல்லிவிடாதே. சோதனைக்கு வந்த அதிகாரி என்று சொல். ஒரு மணி நேரமாவது கணக்குத் தெரிந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அப்பா