குரங்கு மூளையின் கடைசித் துண்டு

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்தே மழை. காலாப்பட்டு பஸ்ஸில் ஜன்னல் மூட வரவில்லை. துப்பட்டா சொட்டச் சொட்ட லேபுக்குள் போனால் அங்கே ஏசி. பல் தந்தி அடித்தது.

வாங்க: குடை. அம்மா மாத்திரை. கலர் இல்லாத நெயில் பாலிஷ் (நகத்துக்கு இல்லை, ஸ்லைடு ஓரம் ஒட்ட).

மத்தியானம் மேடம், என் பிஎச்.டி. கைடு, கூப்பிட்டார்.

"அடுத்த வெள்ளி கமிட்டி. குரங்கு சாப்டரை எடுத்துடும்மா. எலி மட்டும் போதும். தீசிஸ் நல்லபடியா முடிஞ்சிடும்."

எலி மட்டும் போதுமா? என் கேள்வியே எலியிலிருந்து குரங்குக்கு வரும்போது என்ன மாறியது என்பதுதான். மூளை பெருத்தது எல்லோருக்கும் தெரியும். நியூரானுக்குச் சோறு போட்டு, குப்பை வாரி, ரத்தக் குழாயைக் கவனித்துக்கொள்ளும் கிளையா செல்கள் என்ன ஆயின? குரங்கு மூளையின் மேல் விளிம்பில் ஒரு வகை கிளையா இருக்கிறது. அதிலிருந்து நீள நீளமாக இழை கிளம்பி, அடுக்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். எலியில் அது இருந்தாலும் குட்டை. புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். என் ஸ்லைடில் பார்த்ததில்லை. என் குரங்கில் வெறும் புள்ளிகள். பச்சைப் பச்சையாகப் புள்ளி.

திசு பழசு, ஸ்டெயின் (சாயம்) ஏறவில்லை என்கிறார் மேடம். ஸ்லைடு பெட்டியை எடுத்துக்கொண்டேன். வந்துவிட்டேன்.

சிவா (பக்கத்து மேஜை, நியூரான் கோஷ்டி) வேறு நேரம் பார்த்து வந்தான். "உன் கிளையா எல்லாம் பந்தக்காலு. கல்யாணப் பொண்ணு எங்க நியூரான்தான்."

"பந்தக்காலு இல்லாம கல்யாணம் பண்ணிப் பாருடா."

சிரித்தான். நானும் சிரித்தேன். எரிச்சல்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. குடை இன்னும் வாங்கவில்லை.

ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். குரங்கில் மிச்சம் ஒரே துண்டு, சர்க்கரைக் கட்டி அளவு. பாவம், அந்தக் குரங்கு ஈசிஆரில் லாரி அடித்துச் செத்தது. அனுமதிக்கு அலைந்த அலைச்சல் இருக்கிறதே, செருப்பு தேய்ந்தது பழமொழி இல்லை, நிஜமாகவே தேய்ந்தது. இனி ஒரு குரங்கு மூளை என் படிப்புக் காலத்தில் வராது.

அம்மா: "மூஞ்சி ஏன் இப்புடி கீது?" ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை. வாழைப்பூ வடை சுட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து தாந்த் மார்த்தா வீட்டில் சாப்பாடு. அப்பாவின் அக்கா. அத்தை என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், பிரெஞ்சில் தாந்த் என்றால்தான் காது கேட்கும். நாற்பது பேருக்குச் சமைத்தது போல வைத்திருந்தார், நாங்கள் நாலு பேர்.

நீள ரொட்டியை வெட்டச் சொன்னார். வெட்டினேன்.

"ஐயோ, பீச்சாங்கைக்காரி! எல்லாரும் இந்தாண்ட வெட்னா இவ அந்தாண்ட வெட்றா. மொனைய எங்கடி தேடறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

லேப் வழக்கம்: குரங்கு மூளைத் துண்டை உறைய வைக்கும் முன், இரண்டு பக்கங்கள் கூடும் ஓர் ஓரத்தில் பிளேடால் சின்னக் கீறல். பிறகு கீறல் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், அதற்கு இடப்பக்கம் இருப்பது மூளையின் வெளிப்பரப்பு. எல்லோரும் வலது கையால் போடுவதால் அப்படி. நான்? அப்போது லேபுக்குப் புதுசு. என் இடது கைக்கு வசதியாகப் போட்டிருப்பேன். அப்படியென்றால் வலப்பக்கம்தான் வெளிப்பரப்பு!

எலி மூளை முழுசாகவே அச்சில் உட்காரும், கீறல் தேவையில்லை. அதனால்தான் எலியில் எல்லாம் சரி, குரங்கில் மட்டும் கோளாறு. பக்கம் மாறி, இவ்வளவு நாளும் நிமிர்த்திச் சீவ வேண்டியதைப் படுக்கப் போட்டுச் சீவியிருக்கிறேன். முருங்கைக்காயைக் குறுக்கே நறுக்கினால் வட்டம்தான் தெரியும், நீளம் எப்படித் தெரியும்? அந்தப் புள்ளிகள்! ஸ்டெயின் நன்றாகவே ஏறியிருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் ஓர் இழை.

தாந்தைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தேன். "இன்னாடி ஆச்சு ஒனக்கு?"

நவம்பர் 10, திங்கள்

முதல் பஸ். துண்டை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மெல்லிய சவ்வு ஒட்டியிருந்தது. அதுதான் வெளிப்பரப்பு. கீறலுக்கு வலப்பக்கம். என் கைதான்.

மேடமிடம் சொன்னேன். நம்பினார், ஆனால்: "ஊகம்தானே? மிஷின்ல துண்டு ஒடைஞ்சா அதுவும் போச்சு. வேணாம்மா. கமிட்டில இருக்கறத காட்டு."

"வெட்டறேன் மேடம்."

"போச்சுன்னா?"

"போச்சுன்னா எலி மட்டும். நீங்க சொன்னதுதான்."

மிஷின் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நவம்பர் 12, புதன்

நேற்று வெட்டியது. கிரையோஸ்டாட் (உறைய வைத்துச் சீவும் மிஷின்) அருகே யாரையும் விடவில்லை. முதல் சீவல் சுருண்டது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவது தோசை மாதிரி தட்டையாக வந்து படுத்தது. மாதாவே என்றேன், சத்தமாக. சிவா எட்டிப் பார்த்தான்.

ராத்திரி முழுக்க, செல்லில் ஒட்டிச் சாயம் காட்டும் ஆன்டிபாடியில் ஊறியது. இன்று இருட்டறை.

இருக்கிறது.

மேல் விளிம்பில் வரிசையாகச் செல்கள். ஒவ்வொன்றிலிருந்தும் இழை கீழே இறங்குகிறது. வளையாமல், அவசரமில்லாமல், அடுக்குக்கு அடுக்கு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஸ்லைடை நகர்த்தினேன். முடியும் முடியும் என்று பார்த்தால் முடியவே இல்லை. பக்கத்திலேயே எலி ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். குட்டைக் குட்டை முடி, அவ்வளவுதான்.

என் தலைக்குள்ளும் இதே இழைகள் இருக்கின்றன, இன்னும் நீளமாக. அதைக்கொண்டுதான் இதைப் பார்க்கிறேன். என்ன சொல்ல! பெருமையாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன்: பெருமை, பெருமை, பெருமை. நான் கண்டுபிடித்தது இல்லை, உலகத்துக்கு ஏற்கனவே தெரியும். தெரிந்தால் என்ன? இது என் குரங்கு, என் கை.

மேடம் லீவு. போனில் சொன்னேன். "வெள்ளிக்கிழமை பாக்கலாம்." குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

குடை வாங்கினேன்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். கமிட்டி. வெளியிலிருந்து வந்தவர் வயசானவர், சிடுசிடு. எலியைக் காட்டியபோது வாட்ச் பார்த்தார். குரங்குப் படம் வந்தது. "படத்தை எல்லாரும் அழகு பண்ணிடுவாங்க. ஸ்லைடைக் காட்டும்மா."

லேபுக்குக் கூட்டிப் போனேன். மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தார். எழவே இல்லை. பின்னால் கமிட்டியின் மற்ற இரண்டு பேரும் மேடமும் நிற்கிறார்கள், சிவா நிற்கிறான், காத்திருக்கிறார்கள்.

"ஒரு குரங்கை வெச்சு குரங்கினத்துக்கே பேசக் கூடாது" என்றார், கண்ணை எடுக்காமலே.

"பேசலை சார். இந்தக் குரங்குன்னுதான் எழுதறேன்."

"அப்போ சாப்டர் இருக்கட்டும். எலிக்கு முன்னால வை." பிறகு மேடம் பக்கம் திரும்பினார். "கடைசித் துண்டைத் தைரியமா வெட்டச் சொல்லியிருக்கீங்க."

மேடம் சும்மா தலையாட்டியிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

"நான் வெட்டாதேன்னுதான் சார் சொன்னேன். இவதான் வெட்டினா."