அவிட்டம் என்று அடைத்த குடிசை

20-1-1972, வியாழன்

உரக்கடையில் கொடுத்த டைரியை என் பிள்ளை செல்லதுரை என்னிடம் தள்ளிவிட்டான். கட்சிக் கூட்டத் தேதி எல்லாம் அவனுக்கு மனசிலேயே நிற்குமாம். எனக்கு லாபம். இத்தனை வருஷமாகப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு முழுப் பக்கம் கிடைத்திருக்கிறது.

சம்பா அறுப்பு பாதி முடிந்தது. இன்று முருங்கைக்காய் சாம்பார். வாய்க்கால் கரையில், எங்கள் வயலில் வேலை செய்கிற மருதையன் குடிசையை ஒட்டி நிற்கிறதே, அந்த மரத்துக் காய். நான் கல்யாணமாகி வந்த வருஷம் என் கையால் ஊன்றிய போத்து. இந்த வருஷம் முந்திக்கொண்டு காய்த்திருக்கிறது. மருதையன் பெண்டாட்டி ராமாயி ஆறு காய் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். என் மரத்துக் காய்க்கு ஒரு ருசி உண்டு, யார் என்ன சொன்னாலும்.

சாயங்காலம் வைரக்கண்ணு சம்சாரம் வந்து, பெண்ணுக்குப் பூ வைக்க நாள் கேட்டாள். பார்த்துச் சொன்னேன். இந்த ஊரில் நல்லது கெட்டது பாதிக்கு மேல் என் வாயிலிருந்துதான் புறப்படுகிறது. அதில் எனக்குப் பெருமை உண்டா? உண்டு. டைரியில் எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள்.

23-1-72, ஞாயிறு

செல்லதுரைக்கு ரைஸ் மில் ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். கும்பகோணம் ரோட்டை ஒட்டி லாரி நிற்க இடம் வேண்டுமாம். அப்படி எங்களுக்கு இருப்பது ஒரே இடம், மருதையன் குடிசை இருக்கிற பத்துக் குழி. அது அப்பா எனக்கு மஞ்சக்காணிச் சீராக வாங்கிக் கொடுத்த நிலத்தில் ஒரு மூலை. பட்டா என் பெயரில்.

இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறது. நிலக்காரர் இடத்தில் குடிசை போட்டிருக்கிற விவசாயக் கூலிகளுக்கு அந்த மனை சொந்தம். போன மாதம் திருப்பனந்தாள் கூட்டத்தில் இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு, தொண்டைக்கு மிளகுப்பால் கேட்டவன் இதே செல்லதுரைதான். நினைவுபடுத்தினேன்.

"ஊருக்குன்னா சரிதாம்மா. நமக்கு வேற எடம் எங்க இருக்கு?" என்றான். சிரிக்காமல் சொன்னான்.

24-1-72

வடக்கு வயல் அறுப்பு முடிந்தது. களம் நிறைந்திருக்கிறது, மனசும்.

30-1-72, ஞாயிறு

செல்லதுரை கும்பகோணத்தில் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தான். முகம் பளபளவென்று இருந்தது.

"போன ஜூன் பத்தொம்பதாந் தேதி யார் குடியிருந்தாங்களோ அவங்களுக்குத்தான் மனை. அன்னைக்கு அந்தக் குடிசையில யாரும்மா இருந்தா?"

யோசித்தேன். யாரும் இல்லை. குடிசை அடைத்துக் கிடந்தது.

போன பங்குனியில் மருதையனின் அப்பா வீரையன் அந்தக் குடிசையில்தான் போய்ச் சேர்ந்தார். தொண்ணூறைத் தொட்ட சாவு. ராமாயி வந்து நட்சத்திரம் கேட்டாள். அவிட்டம் என்றேன். அவிட்டத்தில் உயிர் போனால் அந்த இடத்தை ஆறு மாதம் அடைத்து வைக்கவேண்டும், புழங்கக் கூடாது. என் மாமியாரும் அவிட்டத்தில்தான் போனார். நாங்கள் பின்கட்டில் ஓர் அறையை அடைத்துவிட்டு மற்ற ஏழு அறையிலும் சௌகரியமாக இருந்தோம். வீரையன் வீட்டில் மொத்தமே ஓர் அறை. வாசலில் முள்ளை வைத்து அடைத்துவிட்டு, பக்கத்து ஊரில் ராமாயியின் அண்ணன் வீட்டுச் சாய்ப்பில் போய் ஒண்டிக்கொண்டார்கள். புரட்டாசியில்தான் திரும்பி வந்தார்கள்.

"பொய் ஒண்ணும் சொல்ல வேணாம்மா. உண்மைய மட்டும் சொன்னாப் போதும்" என்றான் செல்லதுரை.

2-2-72, புதன்

"19-6-71 அன்று மேற்படி குடிசையில் எவரும் குடியிருக்கவில்லை." வக்கீல் எழுதி அனுப்பியதில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதினாறாம் தேதி சாவடியில் தாசில்தார் விசாரணை. நானும் நேரில் போய்ச் சொல்லவேண்டும்.

ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. சாமி முன்னால் கற்பூரம் அணைத்துச் சொல்லலாம். அவர்களைத் தெருவிலா விடப்போகிறோம்? பள்ளத்துக் கொல்லையில் இடம் தருவதாகச் செல்லதுரை சொல்கிறான். அங்கே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கொஞ்சம்தான்.

நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்குவேன்.

6-2-72, ஞாயிறு

ராமாயி வந்தாள். பங்குனியில் மாமனாருக்கு வருஷத் திதி, நாள் பார்த்துச் சொல்லவேண்டும் என்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் போன வருஷப் பஞ்சாங்கத்தை எடுத்தேன்.

ஓரத்தில் என் கையெழுத்து: "வீரையன். செவ்வாய் விடியற்காலை 4 மணி. அவிட்டம்."

செவ்வாய்க்கிழமை வரியில் அவிட்டம் என்றுதான் இருக்கிறது. ஆனால் பஞ்சாங்கத்தில் நாள் பிறப்பது சூரியன் எழும்போது. நடுராத்திரியில் தேதி கிழிப்பது இங்கிலீஷ் காலண்டர். விடியற்காலை நாலு மணி என்றால் பஞ்சாங்கத்துக்கு அது இன்னும் திங்கட்கிழமை. திங்கட்கிழமை வரியைப் பார்த்தேன். திருவோணம், நாழிகை 58. அதாவது மறுநாள் காலை ஐந்து மணி தாண்டியும் திருவோணம்.

திருவோணத்துக்கு அடைப்பே கிடையாது.

அவர்கள் ஒரு நாள்கூட வெளியே போயிருக்க வேண்டாம். அடிப் பாவி தர்மாம்பா, கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? ஊருக்கெல்லாம் நாள் சொல்றவளாம். பெருமையாம்.

ராமாயியிடம் திதியை மட்டும் சொல்லி அனுப்பினேன்.

7-2-72

முருங்கைக்காய் வந்தது. சமைக்கச் சொல்லவில்லை.

9-2-72, புதன்

அவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். இந்த வீட்டில் பேப்பர் மடிக்கப்படுவது அபூர்வம்.

"நாழிகை தப்பாப் பாத்துட்டேங்க. அதான் மனசு கெடந்து அடிச்சுக்குது" என்றேன்.

"சரி தர்மு. நெசமாவே அவிட்டமா இருந்திருந்தா, நீ போட்ட கையெழுத்து சரியாயிடுமா?"

கேட்டுவிட்டு மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார். நாற்பது வருஷம் இப்படித்தான். ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

அவிட்டமாகவே இருக்கட்டும். அப்போதும் போகச் சொன்னவள் நான். நான் சொன்னேன் என்று போனார்கள், நான் சொன்ன கெடு முடிந்ததும் வந்தார்கள். என் பேச்சைக் கேட்டதற்குத்தான் இப்போது மனை போகிறது. கேட்காமல் இருந்திருந்தால் ஒரு வக்கீலாலும் அசைக்க முடியாது. நான்கு நாளாக நாழிகையைக் கட்டிக்கொண்டு அழுகிறேனே, அது எதற்கு? கணக்குப் பிழை என்றால் சின்னத் தப்பாகத் தெரிகிறது, அதற்காகத்தான்.

11-2-72, வெள்ளி

குடிசைக்கு நானே போனேன். மருதையன் வயலில். ராமாயி நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். சொன்னேன். நட்சத்திரத்தையும் சொன்னேன், கையெழுத்தையும் சொன்னேன்.

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எழுதிக் குடுத்திருக்கீங்கன்னு தெரியும் ஆச்சி. சாவடில படிச்சுச் சொன்னாங்க. அன்னைக்குத் திதி கேக்கன்னா வந்தேன்? நீங்களா சொல்லுவீங்களான்னு பாக்க வந்தேன்."

மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

"அடைப்பே இல்லங்கறீங்க இப்ப. எம் மவ செவ்வந்தி எங்கண்ணன் வீட்லதான் பெரிய மனுசி ஆனுச்சு. ஒதுங்கி ஒக்கார எடமில்லாம மாட்டுக் கொட்டாய்ல பதினாறு நாளு கெடந்துச்சு. அத எந்தப் பஞ்சாங்கத்துல பாக்கறது?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நெல்லைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா? கேட்க நினைத்தேன். "பதினாறாந் தேதி வரேன்" என்றுதான் வந்தது.

15-2-72

செல்லதுரையிடம் சொல்லிவிட்டேன். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனான்.

16-2-72, புதன்

சாவடியில் நல்ல கூட்டம். தாசில்தார் சின்ன வயசு. கணக்குப்பிள்ளை கோவிந்தராசு என் மனுவை உரக்கப் படித்தார். மருதையனும் ராமாயியும் ஓரமாக நின்றார்கள். என் பிள்ளை வாசலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"இது நீங்க எழுதிக் குடுத்ததுதானேம்மா? உண்மைதானே?"

"உண்மைதாங்க. பாதி."

"மீதி என்ன?"

"குடிசைய அடைக்கச் சொன்னது நான். சட்டி பானை, மாமனாரு கட்டிலு எல்லாம் உள்ளயே இருந்துச்சு. விட்டுட்டுப் போகலீங்க, அடைச்சிட்டுப் போனாங்க. கெடு முடிஞ்ச அன்னைக்கே வந்துட்டாங்க. நான் பாத்துச் சொன்ன நட்சத்திரமும் தப்பு. திருவோணத்த அவிட்டம்னு சொல்லிட்டேன்."

சாவடி சிரித்தது. சிரிக்காதவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்குக் காது சுட்டது. நிலத்தை விட்டுக்கொடுப்பதில் இவ்வளவு சூடு இல்லை, உண்மையைச் சொல்கிறேன். இந்தச் சிரிப்புத்தான்.

கோவிந்தராசு விடவில்லை. "அடைப்புன்னு சட்டத்துல ஒரு வார்த்தை கெடையாதுங்களே. அன்னைக்கு ஆள் இருந்தாங்களா இல்லையாங்கறதுதான் கேள்வி."

தாசில்தார் பேனாவை மூடினார். யோசித்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்: "எங்க அம்மா தவறிப் போய் அவங்க ரூம அடைச்சு வச்சிருந்தோம். போன மாசந்தான் தொறந்தோம். அதுக்காக அந்த வீட்டுல அந்த ரூம் எங்களுது இல்லன்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்குவேனா?" பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். நில உரிமையாளரே ஒப்புக்கொண்டபடி தற்காலிகமாக வெளியே இருந்தார்கள், குடியிருப்பைக் கைவிடவில்லை என்று எழுதிப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். இந்த மாதத்தில் இரண்டாவது கையெழுத்து.

வெளியே வந்ததும் ராமாயி நேரே வீட்டுப் பக்கம் நடந்துவிட்டாள். நன்றி சொல்வாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். எதற்காம்?

19-2-72, சனி

செல்லதுரை மூன்று நாளாகப் பேசவில்லை. இன்று, "ரசம் இன்னுங் கொஞ்சம்" என்றான். ஊற்றினேன். "இனிமே கூட்டத்துல குடியிருப்புச் சட்டத்தப் பத்திப் பேசச் சொல்றாங்க. ஒங்க கதையையே சொல்லச் சொல்றாங்க" என்று முறைத்தான். சிரிப்பை அடக்க ரொம்பப் பாடுபட்டேன்.

12-3-72, ஞாயிறு

நாள் கேட்டு ஒருவரும் வருவதில்லை. வைரக்கண்ணு சம்சாரம் நான் குறித்துக் கொடுத்ததைக் கோயில் குருக்களிடம் காட்டிச் சரிபார்த்தாளாம். சரியாகத்தான் இருந்ததாம். அதை வந்து சொல்லிவிட்டு வேறு போகிறாள்.

மத்தியானங்களில் நிறைய நேரம் கிடைக்கிறது. தூங்குகிறேன். நன்றாகவே தூக்கம் வருகிறது.

10-4-72, திங்கள்

வீரையனுக்கு வருஷத் திதி. நாள் கணக்கைச் சூரியன் எழுவதிலிருந்து எண்ணினேன், மூன்று தரம்.

செல்லதுரை ரெங்கசாமியுடன் கூட்டுச் சேர்ந்து அவர் களத்துப் பக்கமே மில் போடப்போகிறான். லாரி திரும்பக் கொஞ்சம் கஷ்டமாம். திரும்பட்டும், கஷ்டப்பட்டே திரும்பட்டும்.

25-6-72, ஞாயிறு

போன வாரம் மருதையன் பெயருக்கு மனைக் காகிதம் வந்துவிட்டது. மனையோடு முருங்கை மரமும் போயிற்று. மண்ணுக்காக நான் வருந்தவில்லை. மரத்துக்காக இரண்டு நாள் வருந்தினேன், மறைப்பானேன்.

இன்று அவருக்கு முருங்கைக்காய் சாம்பார் வேண்டுமாம். யாரையும் அனுப்பாமல் துரட்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன். வேலி புதிது, நல்ல கருவேல முள். படல் பக்கத்தில் வந்ததும் கால் நின்றுவிட்டது. இத்தனை வருஷம் அந்த இடத்தில் நின்றதில்லை, நேரே உள்ளே போய்விடுவேன்.

ராமாயி வாசலில் உட்கார்ந்து செவ்வந்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"ராமாயி, ரெண்டு காய் எடுத்துக்கட்டுமா?" படலுக்கு வெளியே நின்றே கேட்டேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. பின்னலை விடாமல் மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"கீழ்க் கெளையில இருக்கறத எடுத்துக்குங்க ஆச்சி. மேல உள்ளது சந்தைக்கு வேணும்."

கீழ்க் கிளையில் நாலு காய் இருந்தது. எடுத்துக்கொண்டேன். செவ்வந்தி வந்து படலைப் பிடித்துக்கொண்டாள், துரட்டி மாட்டாமல் வெளியே வர.

சாப்பிடும்போது அவர், "காய் நல்லா சதப்பத்தா இருக்கே, எங்க வாங்குனே?" என்றார்.

"ராமாயி வீட்டு மரம்" என்றேன்.

பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.