மலைமக்கள் நடனத்துக்கு மலைமக்களை அழைக்கக் கோரி

அனுப்புநர்:
அ. ஜன்னதுல் பிர்தௌஸ்,
நாடக, நடன உடை வாடகைக் கடை,
பழைய சந்தைத் தெரு,
கள்ளக்குறிச்சி.

பெறுநர்:
விழாப் பொறுப்பு அலுவலர் அவர்கள்,
நகரப் பொங்கல் கலைவிழாக் குழு,
கள்ளக்குறிச்சி.

பொருள்: வரும் ஜனவரி 13 அன்று மாலை 7 மணிக்கு அறிவிக்கப்பட்டுள்ள 'கல்வராயன் மலைமக்கள் நடனம்' – நேரத்தையும் ஆடுபவர்களையும் மாற்ற வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பூங்கா வாசலில் தங்கள் குழு வைத்துள்ள விழா நிரல் பலகையை நேற்று நின்று படித்தேன். கோலப் போட்டி, பட்டிமன்றம், சிறுவர் மாறுவேடம் எல்லாம் சிறப்பு. நான்காவது வரியில் இந்த நடனத்தைப் பார்த்ததும்தான் மனு எழுத உட்கார்ந்தேன்.

1. மேற்படி நடனம் மூன்று ஆண்டுகளாக நடக்கிறது. மூன்று ஆண்டும் ஆடியவர்கள் நகரத்துப் பள்ளி மாணவிகள். மலையிலிருந்து வர வேண்டியவர்கள் தவிர்க்க இயலாத காரணத்தால் வரவில்லை என்று மேடையில் ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறார்கள். அந்தக் காரணம் தவிர்க்கக் கூடியதுதான் ஐயா. நிகழ்ச்சி ஏழு மணிக்கு. மலையில் கரியாலூர் பக்கம் திரும்பிப் போகிறவர்கள் ஐந்து மணிக்கே பஸ் ஏறியாக வேண்டும்.

2. குழுவின் அழைப்பு அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் போயிருக்கிறது. வெற்றிலை பாக்கோடு வாசலில் போய் நின்று கூப்பிடுவதைத்தான் அவர்கள் அழைப்பு என்பார்கள். போனில் வந்ததைச் செய்தி என்று எடுத்துக்கொள்வார்கள். செய்தியைப் படித்துவிட்டு யாரும் ஆட வரமாட்டார்கள்.

3. இனி என் குற்றம். சென்ற பொங்கலுக்கு மாணவிகள் தலையில் வைத்து ஆடிய இருபத்து நான்கு இறகுக் கிரீடங்களும் நான் தைத்தவை. கேட்டவர்கள் இறகுதான் வேண்டும் என்றார்கள், கொடுத்துவிட்டேன். மலையில் யாரும் இறகு வைத்துக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரியாதா? பள்ளியில் ஐந்து ஆண்டுகள் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் கரியாலூர் அமிர்தம். அவள் ஊர்ப் பெண்கள் திருவிழாவில் வட்டம் கட்டி ஆடும் ஆட்டத்தை, பள்ளி விடுதிக்குப் பின்னால் வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேரை வைத்துக்கொண்டு எப்படி வட்டம் கட்டுவது என்று சிரிப்போம். ஒருநாள் அவள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்து இந்த ஊர் மேடையில் ஆட, நானும் நடுவில் புகுந்துகொள்ள வேண்டும் என்பது அப்போதிருந்தே ஆசை. எனக்கு இன்னும் அடி மறக்கவில்லை.

4. கிரீடத்தோடு நான் நிறுத்தவில்லை. அந்த நடனத்தைப் போட்டோ எடுத்து, பெருமையாக அமிர்தத்துக்கே அனுப்பினேன். "ஏன்டி பிர்தௌசு, எங்க மலைல யாருடி தலைல இறகு வெச்சிகினு இருக்காங்க? அவங்களுக்குத் தெரியாது, சரி. உனுக்குமா தெரியல?" என்று குரல் பதிவு வந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதுவரை சந்தைக்கு வந்தால் என் கடையில் டீ குடிக்காமல் பஸ் ஏறமாட்டாள். இப்போது பதினொரு மாதமாக வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. சந்தை நாளில் மலைப் பஸ் வரும் நேரத்துக்கு, தைப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன். அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. புகார் மனுவில் இதற்கெல்லாம் இடமில்லை என்று அறிவேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

5. ஆகவே, மேற்படி நிகழ்ச்சியைக் காலை பதினொரு மணிக்கு மாற்றி, குழுவினர் மலைக்கு நேரில் சென்று, ஆடத் தெரிந்தவர்களை முறையாக அழைத்து வர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெற்றிலை பாக்கு நான் வாங்கி வருகிறேன். வண்டியில் எனக்கும் ஓர் இடம் வேண்டும். தனியாகப் போய் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அழைக்க வந்தவர்களை வாசலிலேயே நிற்க வைக்கும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது. தங்களோடு வந்தால், கூட்டத்தோடு கூட்டமாக என்னையும் உள்ளே வா என்று சொல்லிவிடுவாள்.

தாங்கள் புறப்படும் நாளைத் தெரிவித்தால் போதும். கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவேன்.

இடம்: கள்ளக்குறிச்சி
நாள்: 18.12.2024

இப்படிக்கு,
அ. ஜன்னதுல் பிர்தௌஸ்

இணைப்பு: இறகுக் கிரீடம் ஒன்று, குழுவின் பார்வைக்கு. மீதி இருபத்து மூன்றையும் பிரித்துவிட்டேன். இந்தப் பொங்கலுக்கு யார் கேட்டாலும் என்னிடம் இல்லை.