மாப்பிள்ளை வைத்துப் போன மீன்தொட்டி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. நீ போனில் பேசினால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறார். அதனால் உன் வீட்டுக்குக் கீழே தையல்கடை வைத்திருக்கும் அக்கா பெயருக்கு இதை அனுப்புகிறேன். அங்கேயே நின்று படித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போடு. கடைப் பொட்டலத் தாளைப் பார்த்துத் தானாக எழுதப் படித்தவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். வேறொரு பிழையைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் உன்னைக் கூட்டிப்போக வந்தபோது மாப்பிள்ளை ஒரு மீன்தொட்டி கொண்டுவந்தாரே, அது பற்றிய சேதி. உன் இடது காது வீக்கம் அன்று வற்றியிருக்கவில்லை. அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, கூழாங்கல்லைக் கழுவிப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, அன்றைக்கே பதினோரு மீனையும் விட்டார். பத்துச் சின்ன மீன், ஒரு வரிமீன். “மீனைப் பார்த்துட்டே இருந்தா கோபமெல்லாம் அடங்கிடும் அத்தை” என்றார். உன் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நீ பையோடு கதவோரம் நின்றாய்.

மூன்றாம் நாள் தண்ணீர் வெளுத்தது. ஐந்தாம் நாள் மீனே தெரியவில்லை. “நம்ம பால்காரர் ஊத்துறதைவிட இது கெட்டியா இருக்கே” என்று உன் அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீனை வாளியில் பிடித்துவிட்டு, தண்ணீரை முழுதும் கொட்டி, கல்லை எல்லாம் தேய்த்து, வடிகட்டியின் பஞ்சையும் சோப்புப் போட்டுக் கசக்கிப் பளிச்சென்று வைத்தேன். இரண்டே நாளில் முன்னைவிட மோசமாகக் கலங்கியது.

மீன்கடைக்காரரிடம் ஓடினேன். தலையில் அடித்துக்கொண்டார். “பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சிட்டீங்களேம்மா! புதுத்தொட்டின்னா கலங்கத்தான் செய்யும். தண்ணியைச் சுத்தம் பண்ற கிருமி அதுலயே ஊறி வளரணும். நீங்க அதைத்தான் சோப்புப் போட்டுக் கொன்னுட்டீங்க. இனிமே தீனியைப் பாதியாக் குறைங்க. ஒருநாள் பிடிச்சு வெச்ச தண்ணியா நாலு குவளை மாத்துங்க, போதும். மத்தபடி கை வைக்காதீங்க, தானா தெளியும்” என்றார்.

அப்படியே செய்தேன். என் கணக்கு நோட்டில் கட்டம் போட்டேன்: தேதி, எடுத்த தண்ணீர், ஊற்றிய தண்ணீர், தீனி, மீன் எண்ணிக்கை, காரணம். காலையில் சாமி கும்பிட்டதும் டார்ச்சைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து எண்ணுவேன். பதினொன்று. பத்து. பத்து. எட்டு. செத்தவை சும்மா சாகவில்லை, கண்ணே. ஒன்றுக்கு வால் இல்லை. ஒன்றுக்கு விலாவோரம் சதை பிய்ந்து முள் தெரிந்தது. ஒன்றுக்குக் கண் இருந்த இடத்தில் குழி. ஒவ்வொன்றையும் காகிதத்தில் மடித்து மண்ணில் புதைத்துவிட்டு, காரணம் என்கிற கட்டத்தில் ‘கலங்கல்’ என்று எழுதினேன். “புதுசுல நாலு போகும், நிக்கிறது நிக்கும்” என்றார் உன் அப்பா. நானும் தலையாட்டினேன்.

பதினேழாம் நாள் தெளிந்தது. நடுவில் கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. இரண்டே மீன் பாக்கி. நடுவில் வரிமீன், வயிறு புடைத்து. மூலைக் குழாய்க்குப் பின்னால் ஒரு சிவப்பு மீன், பாதி வாலோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிமீன் அம்பு மாதிரிப் பாய்ந்து அதன் வயிற்றைக் கவ்வியது. நாய் துணியை உதறுகிற மாதிரி உதறியது. செதில்கள் மினுமினுத்துக்கொண்டே இறங்கின. சிவப்பு மீன் கண்ணாடியில் மோதி மோதித் திரும்பியது. போவதற்கு வேறு இடம் இல்லை. பிறகு வரிமீன் ஒரு சுற்றுச் சுற்றி, ஒன்றுமே நடக்காததுபோல முன்பக்கம் வந்து, என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து தீனி கேட்டது.

கையை விட்டேன். வரிமீனின் முதுகு முள் உள்ளங்கையில் ஏறியது. ரத்தம் தண்ணீரில் நூல் நூலாகப் பிரிந்தது. சிவப்பு மீனை அள்ளி வாளியில் போட்டுவிட்டுக் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். அந்த மனிதர் நிதானமாகச் சொன்னார். “தண்ணி கலங்கினது புதுத்தொட்டியோட குணம்மா, அது தெளியும். கடிக்கிறது அந்த மீனோட குணம், அது தெளியாது. கலங்கல்ல உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். கலங்கல் இதுவரைக்கும் ஒண்ணையும் கடிச்சதில்லை.”

வீட்டுக்கு வந்து நோட்டில் ‘கலங்கல்’ என்று இருந்ததையெல்லாம் அடித்தேன். பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனபோது உன் கணக்கு வந்தது. நான்தான் எழுதியிருக்கிறேன். ‘மகள் வந்தாள். முன்பல் ஒன்று இல்லை. நாலு நாள் இருந்தாள். காரணம்: புதுக்குடித்தனம்.’ அப்புறம், ‘மகள் வந்தாள். மணிக்கட்டில் கட்டு. ஆறு நாள். காரணம்: மாப்பிள்ளைக்கு வேலையில் நெருக்கடி.’ போன மாதம், ‘இடது காது. ஒத்தடம் மூன்று வேளை. மூன்று நாள்.’ ஒவ்வொன்றின் கீழும் அதே வரி: ‘கலங்காதே, எல்லாம் தெளிஞ்சிடும் என்று சொல்லி அனுப்பினேன்.’

மூன்று முறை உன்னை அள்ளி எடுத்து, மூன்று முறையும் அதே தொட்டியில் விட்டிருக்கிறேன். ஆண்டவன் என்னை மன்னித்தாலும் அந்த நோட்டு மன்னிக்காது.

அதன் பிறகு நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். வரிமீனைக் கடையில் திருப்பிக் கொடுத்திருக்கலாம், கடைக்காரரே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நான் வலையில் பிடித்துக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் துவைக்கிற கல்லில் ஓங்கி அறைந்தேன். துள்ளியது. மறுபடி அறைந்தேன். அது அடங்கின பிறகும் என் கை அடங்கவில்லை. எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிறவள் நான், உனக்குத் தெரியும். கல்லெல்லாம் செதில். மன்னிப்புக் கேட்கலாம் என்று சாமி முன்னால் நின்றேன். மீனுக்காகக் கேட்க வாய் வரவில்லை, கண்ணே; உன் பெயர்தான் வந்தது.

உன் அப்பா கொல்லைக் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினார். நோட்டைக் காட்டினேன். மூன்று பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். “எப்பக் கிளம்பணும்?” என்றார்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தார். “மீனெல்லாம் எப்படி அத்தை இருக்கு? அந்த வரிமீனைப் பத்திரமாப் பாத்துக்கங்க, ராஜா மாதிரி வளரும்” என்றார். “தண்ணி தெளிஞ்சிடுச்சு மாப்பிள்ளை” என்றேன். சந்தோஷப்பட்டார்.

வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு, பத்து மணிக்கு, உன் அப்பா தையல்கடைக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். சான்றிதழ்களை மட்டும் எடு. துணிமணி வேண்டாம், பாத்திரம் வேண்டாம், சொல்லிவிட்டு வர வேண்டாம். இங்கே நம் வீட்டில் உன் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் புதிதாகப் போட்டாயிற்று. அந்தச் சிவப்பு மீன் வாளியில் பிழைத்துக் கிடக்கிறது. இன்று காலை ஒரு துணுக்குத் தீனி தின்றது.

எப்போதும் கடைசியில் எழுதுகிற அந்த ஒரு வார்த்தையை இந்த முறை எழுத மாட்டேன். நீ கலங்கு. அழுதுகொண்டே படியிறங்கு. தெளிகிறவரை அங்கே நிற்காமல் வந்துவிடு, என் தங்கமே.

வியாழக்கிழமைப் பக்கத்தில் ‘மகள் வந்தாள்’ என்று இன்றைக்கே எழுதி வைத்துவிட்டு, எத்தனை நாள் என்கிற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கும்,

உன் அம்மா