மச்சம் என்றால் முதலில் மீன்

அண்ணை,

இன்று காலை மனைவி உரலில் மாசி இடித்தாள். காய்ந்த மீனின் அந்த மணம் முன்விறாந்தைக்கு வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கீரிக் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டேன். பதினாறு வருடமாக இதே கூத்துத்தான். ஏனென்று அவள் கேட்பதில்லை. அவளுக்குத் தெரியும்.

கந்தோரில் நமக்கு அடுத்தடுத்த மேசை. மத்தியானத்தில் என் பார்சலைப் பிரித்தால் பொரித்த ஓரா மீனில் பாதி உங்களுக்கு. அதைச் சப்பிக்கொண்டே சொல் ஆராய்ச்சி வேறு. "மச்சம் எண்டால் வடமொழியில மீன், தம்பி. பிறகுதான் ஆடு, கோழி, முட்டை எல்லாம் அதுக்குள்ளை வந்தது. ஆட்டை வெட்டினாலும் பேர் உங்கட மீனுக்குத்தான்!"

பிறகு உங்கள் மகள் காய்ச்சலில் விழுந்தாள். அவள் எழும்பும்வரை மச்சம் தொடுவதில்லை என்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டீர்கள். ஆசுபத்திரிக்கும் கந்தோருக்கும் அலைந்து வாடியிருந்த உங்களை, தவக்காலத்து வெள்ளியொன்றில் வீட்டுக்குக் கூப்பிட்டேன். "வாங்கோ அண்ணை, இண்டைக்கு எங்களுக்கும் சுத்தபோசனம். வீட்டில இறைச்சி இல்லை." கத்தோலிக்கரான எங்கள் சுத்தபோசனத்தில் மீனுக்குத் தடையில்லை. ஆகவே மீன்குழம்பை மட்டும் ஒதுக்கச் சொல்லிவிட்டு, மற்றதெல்லாம் சரியென்று இருந்துவிட்டேன்.

நீங்கள் இரண்டாந்தரம் சம்பல் போட்டுக்கொண்டபோது மனைவி என்னைக் குசினிக்குள் இழுத்தாள். "ஐயோ, சம்பலுக்கை மாசி போட்டிட்டனப்பா. போய்ச் சொல்லுங்கோ."

நான் சொல்லவில்லை. பசியோடு சாப்பிடுகிறவரை எழுப்பக் கூடாது என்று எனக்கே சமாதானம் சொன்னேன். உண்மையில் பயம். பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால் பழி என் தலையில் விழுமே என்ற பயம். கொஞ்ச மாசிதானே என்று தப்பவும் வழியில்லை. மச்சம் என்றால் முதலில் மீன்தான் என்று உங்கள் வாயாலேயே கேட்டவன் நான்.

மகள் பிழைத்தாள். "நேர்த்தி வீண்போகேல்லை, தம்பி. இனிச் சாகுமட்டும் மச்சம் இல்லை" என்றீர்கள். அதன்பிறகு என் பார்சல் பிரியும்போதெல்லாம் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "அந்த மனிசனிட்டப் போய்ச் சொல்லும்" என்றார் சுவாமியார். பெரியமடுவில் உங்கள் வீடு வரை வந்தேன். வயல் கதை கதைத்துவிட்டுத் திரும்பினேன்.

போன கிழமை உங்கள் எட்டுச் செலவு. இறந்தவர் விரும்பியதையெல்லாம், மச்சம் உட்பட, சமைத்துப் படைக்கிற நாள். முதல்நாள் மகள் போன் எடுத்தாள்.

"மாமா, அப்பாவுக்கு மீன் எண்டால் உயிராம், அம்மா சொல்லுறா. ஆனா எனக்காக விட்டவர். படைக்கலாமோ?"

அந்த நேர்த்தி என் வீட்டில் என்றோ முறிந்துவிட்டது பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். "வேண்டாம். அப்பான்ர விரதத்தை நாங்கள் முறிக்கக்கூடாது" என்றேன்.

"ஓம் மாமா" என்று அழுதாள்.

படையலில் மரக்கறி மட்டும் இருந்தது. உண்மையைச் சொல்லாமல் விட்டு, உயிரோடு இருந்த உங்களுக்கு இல்லாமல் செய்த மீனைச் செத்த பிறகும் கிடைக்காமல் செய்தேன். அப்பாவின் விரதத்தைக் கடைசியில் காத்துத் தந்தவர் மாமாதான் என்று உங்கள் மகள் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாளாம். அந்த நல்ல பெயரைத்தான் அண்ணை, இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன்.