எந்தக் கணினியை வாங்குவது, மச்சான்?

என் மச்சானுக்கு,

ஸலாம். நீங்கள் இருக்கும் இடத்தை அல்லாஹ் வெளிச்சமாகவும் விசாலமாகவும் ஆக்கி வைக்கட்டும். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கணினி வாங்க வேண்டும், எது சரியென்று மனம் அடங்கவில்லை. இதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினால் என் உடன்பிறந்த காக்கா ஏசுவார். ஏசட்டும், உங்களிடம் கதைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நம்முடைய பழையது போய்விட்டது. உங்களை அடக்கியதிலிருந்து நான் வீட்டுக்குள் இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் அது எப்படியோ இழுத்துக்கொண்டு கிடந்தது. இத்தா முடிந்து வெளியே இறங்கிய அடுத்த கிழமை, கரன்ட் போய்த் திரும்பி வந்த நேரம் உள்ளே டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திறந்து பார்த்தவர் உள்ளே எல்லாம் கருகிப் போயிற்று என்றார். பிளான்கள் இருந்த டிஸ்க் மட்டும் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

நீங்கள் வீடு கட்டும் வளவு வளவாக டேப்போடு போய் அளந்து வருவீர்கள், நான் உள்ளறையில் இருந்து வீட்டுப் பிளான் கீறுவேன். கலியாணம் முடித்துப் பதினொரு வருஷம் நம் குடும்பம் அப்படித்தான் ஓடியது. கணினி வாங்குவது உங்கள் பாடு. அது என்ன நிறம் என்றுகூட நான் முன்கூட்டிக் கேட்டதில்லை. இப்போது கல்முனை மெயின் வீதியில் ஒரு கடையில் நின்று "புரொசசர் என்ன?" என்று கேட்கிறேன். அவர் சொல்லும் பதிலுக்கு விளங்கியதுபோலத் தலையாட்டுகிறேன். நடிப்பு நன்றாகத்தான் வருகிறது.

கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று மெல்லியது, வெள்ளை நிறம், பார்க்க வெறும் திரைதான்.

"இது ஓல் இன் வன், தங்கச்சி. ஸ்கிரீனுக்குள்ளயே எல்லாம் இரிக்கி. ஒரு வயரக் கொளுவினாச் சரி. வீட்டுக்கு வடிவு. ஆனா பொறகு ஒண்டும் கூட்டேலாது. வாங்கக்குள்ள என்ன இரிக்கோ அதுதான் கடைசிவரைக்கும்."

மற்றது கறுப்பு, தனிப்பெட்டி. தூக்கிப் பார்த்தேன், அரிசி மூட்டை போலக் கனம்.

"இது வேர்க்ஸ்டேஷன். மூடியக் கழட்டி றாம் கூட்டலாம், டிஸ்க் கூட்டலாம், கிராபிக்ஸ் கார்ட மாத்தலாம். வேலை கூடக் கூட இதையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்."

"ரெண்டுல எது நல்லம்?" என்று கேட்டேன்.

"நீங்க இனி என்ன வேலை செய்யப் போறீங்க என்டதப் பொறுத்து" என்றார்.

பாவம், அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் இனி என்ன வேலை செய்யப் போகிறேன், மச்சான்? நாளைக்கு வாறன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காக்காவுக்கு இதில் குழப்பமே இல்லை. "சின்னத எடு புள்ள" என்கிறார். "நான் அளந்துக்கு வந்து தாறன், நீ வீட்டுக்குள்ள இருந்து கீறு. ரெண்டு மூணு பிளான் வந்தாக் காணும். பொம்புளப் புள்ள ஊர் ஊராப் போய் டேப்பு புடிக்கப் போறியா?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இத்தா நாட்களில் தன் கடையை விட்டுவிட்டு எனக்காக வெயிலில் அலைந்தவர் அவர். ஆனால் அவர் 'சின்னது' என்று சொல்லும்போது கணினியைத்தான் சொல்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

பிறகு தொடங்கியது என் யோசனை. திரைக்குள் எல்லாம் அடங்கியதை வாங்கினால், திரை பழுதானால் முழுவதும் பழுது. கொழும்புக்கு அனுப்ப வேண்டும், எத்தனை கிழமை சுணங்குமோ. பெட்டியை வாங்கினால் மானிட்டர் வேறு, பெரிய யூபிஎஸ் வேறு. கடல் பக்கத்தில் இருக்கிறது. காற்றாடி உப்புக் காற்றை உள்ளே இழுத்து எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைத்துவிட்டால்? பெட்டியைக் கூட்டிக் கூட்டிப் பெருப்பிக்க வேலை வராவிட்டால்? மேசையை உங்கள் டேப்பால் மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் ஒரே அளவுதான் வந்தது. இருந்தாலும் நாலாவது தடவையும் அளந்தேன்.

இனிமேல்தான் சொல்லப் பயந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அட்டாளைச்சேனையில் ஒரு குடும்பம். மனிதர் கட்டாரில் வேலை. இரண்டு பெண்பிள்ளைகள், வளவு ஒன்றுதான். நம் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். கீழே மூத்தவளுக்கு, மேலே இளையவளுக்கு என்று பிளான் கேட்டார்கள். நான் இத்தாவில் இருந்தபடியால் காக்கா போய் அளந்து வந்தார். அளவில் ஒரு குறையும் இல்லை. நான் கீறினேன், மாடிப்படியைக் கீழ்வீட்டு ஹோலின் நடுவில் வடிவாக வைத்தேன். கீறி முடித்ததும் அதைப் பார்த்துப் பெருமைகூடப் பட்டேன்.

போன கிழமை அந்தப் பிள்ளைகளின் உம்மா வீடு தேடி வந்தார். பிளானை மேசையில் விரித்து விரலை வைத்தார்.

"புள்ள, மேல இரிக்கிற மருமகன் வேலைக்குப் போக வர எதால போவாரு?"

"இந்தப் படியாலதான்."

"இது மூத்தவள்ட ஹோலுதானே? அவள் முக்காடு இல்லாம ஆறுதலா இரிக்கிற நேரம், அதுக்குள்ளால தங்கச்சிட மாப்புள ஏறி எறங்குறதா?"

எனக்கு முகம் எரிந்தது. இந்த ஊரில் பிறந்து, தாய் வீட்டைச் சீதனமாக வாங்கி, அதில் உங்களை வைத்துக் குடும்பம் நடத்திய எனக்கு இது தெரியாதா? அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "உங்கட மாப்புள இருந்திருந்தா இந்தப் பிழை வந்திரிக்காது" என்றார். பிறகு மெதுவாக, "அவர்ர பேர் போட்டிருந்திச்சு, அதான் நானும் யோசிக்காம மேசன்கிட்டக் குடுத்துட்டன். அத்திவாரத்துக்குக் கயிறும் புடிச்சாச்சு" என்றார்.

அவர் போன பிறகு பிளானின் மூலையைப் பார்த்தேன். 'வரைந்தவர்' என்ற இடத்தில் உங்கள் பெயர். எப்போதும் அப்படித்தானே இருந்தது. நான் கீறுவேன், உங்கள் பெயர் போகும், ஆம்பிளையின் பெயர் இருந்தால்தான் சனம் நம்பும் என்று நாம் இரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. நீங்கள் போன பிறகும் நான் அதை மாற்றவில்லை. மாற்ற மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. மௌத்தான மனிதரின் தலையில் என் பிழையைப் போட்டு ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு நான் அழுத அழுகை உங்கள் ஜனாஸாவன்றும் அழவில்லை. என்னை மாப் செய்யுங்கள்.

முதலில் குற்றத்தைப் பழைய கணினி மேல்தான் போட்டேன். அதற்கு வீட்டை முழுசாகத் திருப்பிக் காட்டச் சக்தி இல்லை, தட்டையாகக் கோடுதான் காட்டும், பெரிய பெட்டி இருந்திருந்தால் படியால் ஏறிப் போவதையே பார்த்திருப்பேன் என்று என்னையே ஏமாற்றினேன். ஆனால் நீங்கள் வளவுக்குள் போனதும் டேப்பை எடுக்க முதலே, எத்தனை பெண்பிள்ளை, யார் மேலே, யார் கீழே என்று கேட்பீர்களே. அந்தக் கேள்வியைக் கேட்கும் கார்ட் எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை.

ஆகவே நேற்று நானே போனேன். காக்கா ஓட்டோவை ஓட்டிக்கொண்டு வந்தார். வளவுக்குள் இறங்கி டேப்பை எடுத்தபோது மேசன் என்னையும் காக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மறு நுனியை வந்து பிடித்தார். மாடிப்படியைத் தெற்குச் சுவருக்கு வெளியே எடுத்தோம், அதற்குத் தனிக் கேட். இளையவள் தயங்கித் தயங்கி வந்து, "மேல கடல் பக்கமா ஒரு விறாந்தை வைக்கேலுமா ராத்தா?" என்று கேட்டாள். இதை யாரும் அதுவரை காக்காவிடம் சொல்லியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது கடையில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். கறுப்புப் பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். காக்கா பெட்டியை ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். பிறகு, "அந்த மேசை இதத் தாங்காது புள்ள. நான் வேற ஒண்டு அடிச்சுத் தாறன்" என்றார். அதற்கு மேல் அவரிடம் நான் என்ன எதிர்பார்க்க முடியும்?

பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நான் எடுத்தது சரியா? இனியும் என்னைத் தேடி ஆட்கள் வருவார்களா? உப்புக் காற்றுக்கு என்ன செய்வது? நீங்கள் இருந்தால் "ஓம் ஓம், பார்ப்பம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவீர்கள். எனக்கு அந்த "பார்ப்பம்" வர மாட்டேன் என்கிறது.

திங்கட்கிழமை பெட்டி வருகிறது. வந்ததும் முதல் வேலையாக, பிளானின் மூலையில் இருக்கும் உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடப் போகிறேன். கோபிக்காதீர்கள். நாம் சேர்ந்து செய்த பழைய பிளான் ஒன்றிலும் கை வைக்க மாட்டேன், அவை எல்லாம் உங்கள் பெயரிலேயே கிடக்கட்டும். ஆனால் அட்டாளைச்சேனைப் பிளானைத் திருத்திக் கொடுக்கும்போது அதில் உங்கள் பெயர் இருக்காது. உங்களுக்கு வாக்குத் தருகிறேன், மச்சான். இனி நான் பிழை விட்டால், என் பெயரில்தான் விடுவேன்.

உங்கள் மனைவி
றிபாயா